தெரிஞ்சவங்கதானே மேடம்

“என் பணத்தை நான் எடுக்கிறதுக்கு எதுக்கு இத்தனை கேள்வி?” கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவர்கள் யாரும் இதைக் கேட்காமல் ரிட்டயர் ஆகியிருக்க முடியாது. போன வாரம் என் அண்ணன் மகளே போன் போட்டுக் கேட்டாள். பாஸ்புக் இல்லாமல் செக்கை மட்டும் எடுத்துக்கொண்டு பணம் எடுக்கப் போயிருக்கிறாள். கவுண்டரில் இருந்த பையன் ஸ்கிரீனையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “வேற ஐடி ஏதாவது வச்சிருக்கீங்களா?” என்றானாம். “என்னைப் பார்த்தா திருடி மாதிரியா இருக்கு அத்தை?” என்று ஒரே கோபம். திருடி மாதிரி இருக்கிற யாரும் பேங்கில் வந்து திருடி நான் பார்த்ததில்லை என்று சொன்னேன். அவளுக்கு அது சமாதானமாகப் படவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நான் மதுரையிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் ஒரு தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வேலை பார்த்தவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிளார்க் கம் கேஷியராகச் சேர்ந்தேன். கேஷ் கூண்டுக்குள் இருந்து பார்த்த எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். முன்பின் தெரியாத ஆள் வந்து ஏமாற்றியதைவிட, தெரிந்த ஆள் கைவைத்ததுதான் அதிகம். மகன், மருமகன், கடைக் கணக்குப்பிள்ளை, “எங்க சித்திதான் மேடம், முடியாம படுத்திருக்காங்க” என்று பாஸ்புக்கோடு வந்து நிற்கிற அக்கா மகன். இவர்கள் எல்லோரும் சொல்கிற வாசகம் ஒன்றே: “தெரிஞ்சவங்கதானே மேடம்.” எங்கள் விதிகளில் பாதியை எழுதியவர், இந்த வாசகத்தைக் காதில் வாங்கிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் சேர்ந்த கிளையில் அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. பித்தளை டோக்கன் காலம். ஒருவர் செக்கையோ வித்ட்ராயல் ஃபாரத்தையோ நீட்டினால், கிளார்க் அதில் டோக்கன் நம்பரை எழுதிக்கொண்டு டோக்கனை அவர் கையில் கொடுப்பார். செக் உள்ளே போய்விடும். லெட்ஜரில் பாக்கி பார்த்துப் பற்று எழுதுவார்கள். அப்புறம் பாஸிங் ஆபீசர் மேசைக்குப் போகும். அவர் பக்கத்தில் மாதிரிக் கையெழுத்து அட்டைகள் நம்பர் வரிசையில் அடுக்கியிருக்கும். உரிய அட்டையை உருவி, செக்கோடு வைத்துப் பார்த்து, சரி என்றால் சிவப்பு மையில் ஒரு கோடும் கையெழுத்தும் போட்டு கேஷ் கூண்டுக்கு அனுப்புவார். ஆகவே பணம் கொடுக்கிற எனக்குக் கையெழுத்தைப் பற்றிய கவலை கிடையாது. இந்தச் செக்கை நீட்டிய ஆள்தான் இப்போது என் முன்னால் நிற்கிறாரா என்பது மட்டுமே என் கவலை.

டோக்கன் நம்பரைக் கூப்பிடுவேன். வருகிறவர் டோக்கனைத் தருவார். செக்கின் பின்பக்கம் என் கண்முன்னால் ஒரு கையெழுத்து வாங்குவேன். அப்புறம் ஒரே கேள்வி: “எவ்வளவு?” தொகையை நான் சொல்லவே கூடாது, அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். முதல் வாரத்தில் எங்கள் ஹெட் கேஷியர் எனக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் டோக்கனைத் தவறவிட்டு, வேறு யாராவது எடுத்துக்கொண்டு வந்தால் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்வார். “ரெண்டாயிரம்… இல்ல, மூவாயிரம்” என்று இழுத்தால், ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு ஆபீசரைக் கூப்பிடுவோம். பிற்பாடு டோக்கன் போய், கையெழுத்தும் போட்டோவும் என் ஸ்கிரீனிலேயே தெரிய ஆரம்பித்த பிறகும் இந்த “எவ்வளவு?” மட்டும் போகவில்லை. செக்கில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாமல் கேஷியர் கேட்கிறார் என்றுதான் பலரும் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கையெழுத்தில் வங்கி இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குச் சட்டம் ஒரு காரணம். பேரர் செக்கைக் கொண்டுவருகிறவர் யாராக இருந்தாலும், செக் ஒழுங்காக இருந்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் பணம் கொடுத்திருந்தால், 1881ஆம் ஆண்டு நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டம் வங்கியைக் காப்பாற்றும். ஆனால் செக் எழுதியவரின் கையெழுத்தே போலி என்றால் பாதுகாப்பு ஒன்றும் கிடையாது. எவ்வளவு நேர்த்தியான போலியாக இருந்தாலும் பணம் வங்கியின் தலையில். 1987இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த கனரா பேங்க், கனரா சேல்ஸ் கார்ப்பரேஷன் வழக்கைப் பயிற்சி வகுப்பில் எங்களுக்குத் தவறாமல் சொல்வார்கள். அந்தக் கம்பெனியின் செக் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருந்த கணக்கரே, நிர்வாக இயக்குநரின் கையெழுத்தைப் போட்டு வருஷக்கணக்கில் பணம் எடுத்திருக்கிறார். அனுப்பிய கணக்கு அறிக்கைகளைக் கம்பெனி ஒழுங்காகப் பார்க்கவில்லை, அது அவர்கள் தப்பு என்று வங்கி வாதாடியது. எடுபடவில்லை. போலிக் கையெழுத்துள்ள செக், வாடிக்கையாளர் கொடுத்த உத்தரவே ஆகாது என்று தீர்ப்பு. கவனியுங்கள், அங்கேயும் தெரிந்த ஆள்தான். அந்தக் கணக்கர் கவுண்டருக்கு வந்தால் எல்லோரும் “வாங்க சார்” என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இந்தப் பிடிவாதத்தால் அடிபடுகிறவர்கள் வயதானவர்கள். நாற்பது வயதில் கணக்கு ஆரம்பித்தபோது போட்ட கையெழுத்து எழுபத்தைந்தில் வராது. கை நடுங்கும், கோடு உடையும், சுழிகள் பாதியில் நின்றுவிடும். “இன்னொரு தடவை போடுங்க ஐயா” என்று சொன்னால் பதற்றத்தில் அது இன்னும் மோசமாகும். சில இளம் கேஷியர்கள் இரக்கப்பட்டு ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பி, “இது மாதிரி போடுங்க” என்று காட்டிவிடுவார்கள். எனக்கு அதைப் பார்த்தால் கோபம் வரும். மாதிரியை அவருக்கே காட்டிவிட்டு அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது? பின்னால் வரிசையில் நிற்கிறவனும் பார்க்கிறான். அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்து, ஐடியைப் பார்த்து, புதிதாக ஒரு மாதிரிக் கையெழுத்து வாங்கி ஸ்கேன் பண்ணிவிடுவதுதான் முறை. பத்து நிமிஷ வேலை. வரிசை நீளமாக இருக்கும் நாளில் அந்தப் பத்து நிமிஷம் யாரிடமும் இருப்பதில்லை என்பதும் நிஜம். உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கூட்டமில்லாத நாளாகப் பார்த்துக் கூட்டிப்போய் இதைச் செய்துவிடுங்கள்.

பெண்களுக்கு வேறு சிக்கல். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியலில் கணக்கு, ஆதாரில் கணவர் இனிஷியல், பான் கார்டில் இனிஷியலை விரித்துக் கணவர் பெயரையே கடைசியில் ஒட்டியிருப்பார்கள். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஆனால் கம்ப்யூட்டர் ஒன்று கேட்கிறது. ஆளுக்கு ஒரு விதமாக அந்தக் கட்டத்தை நிரப்பினால் ஒரே பெண் மூன்று ஆட்கள் ஆகிவிடுகிறாள். கூடவே ஒரே பெயரில் பலர். மதுரையில் ஒரு கிளையில் மீனாட்சி என்று தேடிப் பாருங்கள், ஸ்கிரீன் பக்கம் பக்கமாக ஓடும். அதில் ஒரே இனிஷியல், ஒரே தெரு என்று இரண்டு பேர் நிச்சயம் இருப்பார்கள். பழைய லெட்ஜர்களில் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலில் குறித்து வைத்திருப்போம்: ‘இட்லிக் கடை’, ‘போஸ்ட்மேன் மனைவி’, ‘உயரம்’. வாடிக்கையாளர் யாரென்று உறுதிசெய்யும் எந்தக் கே.ஒய்.சி. விதியிலும் இல்லாத குறிப்புகள். கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது அவை ஏறவில்லை. எனக்கு இன்னமும் அந்த வருத்தம் உண்டு.

கைநாட்டுக் கணக்குகளில் நாங்கள் இன்னும் கறார். பாஸ்புக்கில் போட்டோ ஒட்டி, சீல் வைத்திருக்கும். அவரே நேரில் வரவேண்டும், பாஸ்புக்கும் வரவேண்டும். ஆணுக்கு இடது பெருவிரல், பெண்ணுக்கு வலது என்பது எங்கள் வழக்கம். ரேகையை ஆபீசர் முன்னிலையில் வாங்கி, அவர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார். ரேகையை அங்கேயே பூதக்கண்ணாடி வைத்து ஒப்பிடுவோம் என்று நினைக்காதீர்கள், அது எங்களுக்குத் தெரிந்த வித்தையும் இல்லை. போட்டோவும் நேரில் நிற்கிற ஆளும்தான் அத்தாட்சி. பிறகு வழக்கு வந்தால்தான் ரேகைக்கு வேலை.

நேரில் வரவே முடியாதவர்களுக்கு ரிசர்வ் வங்கி வழி சொல்லியிருக்கிறது. அதிகம் பேருக்குத் தெரியாது என்பதால் இதை முழுதாகவே சொல்கிறேன். படுத்த படுக்கையாக இருப்பவரிடம் பெருவிரல் ரேகை வாங்கலாம். கை முடியாதென்றால் கால் விரல் ரேகையும் செல்லும். வங்கிக்குத் தெரிந்த, சார்பில்லாத இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்டவேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்கவேண்டும். ரேகைகூட வைக்க முடியாதவர், ஏதாவது ஒரு குறி போட்டால் போதும். அந்தப் பணத்தைக் கவுண்டரில் வாங்கப்போவது யார் என்பதையும் அவரே காட்டலாம். அப்படிக் காட்டப்பட்ட ஆளையும் இரண்டு சாட்சிகள் அடையாளம் சொல்லவேண்டும்.

ஒரு முறை மேனேஜரோடு செல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு இதற்காகப் போனேன். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முந்தைய நாள்தான் அவர் மகன், அப்பா கையெழுத்துப் போட்ட வித்ட்ராயல் ஃபாரத்தோடு வந்திருந்தார். கையெழுத்து அட்டையில் இருந்தது போலவே அச்சாக இருந்தது. வித்ட்ராயல் ஃபாரத்துக்குக் கணக்கு வைத்திருப்பவர் நேரில் வரவேண்டும் என்று நான் மறுத்துவிட்டேன். “அப்பாவுக்கு உடம்பு முடியல, நீங்க வேணா வந்து பாருங்க” என்று அவரே சத்தம் போட்டார். போய்ப் பார்த்தால், பக்கவாதம் வந்து இரண்டு வாரமாகிறது. இரண்டு கை விரல்களும் உள்ளே மடங்கி இறுகிக் கிடந்தன. நேற்றைய கையெழுத்தை யார் போட்டிருப்பார் என்று மேனேஜர் என்னைப் பார்த்தார், நான் மேனேஜரைப் பார்த்தேன். இருவரும் அங்கே ஒன்றும் பேசவில்லை.

பெரியவருக்குப் பேச்சு இல்லையே தவிர, நினைவு தெளிவாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சாட்சி, மேனேஜர் ஒரு சாட்சி. ஸ்டாம்ப் பேடை வைத்துக் கால் பெருவிரலில் நான்தான் மை தடவினேன். ரேகை இரண்டாவது தடவைதான் ஒழுங்காக விழுந்தது. பிறகு மேனேஜர், “ஐயா, பணத்தை யார் கையில கொடுக்கட்டும்?” என்று கேட்டு, அங்கே நின்ற ஒவ்வொருவர் பெயராகச் சொன்னார். மகன் பெயருக்குக் கண்ணை மூடிக்கொண்டார். கதவோரம் நின்ற மகள் பெயருக்குத் தலையை அசைத்தார். மகள்தான் வந்து வாங்கிப் போனார். அதன் பிறகு அந்த மகன் என்னைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பணம் போடுவதில் இந்தக் கதையெல்லாம் இல்லை. யார் கணக்கிலும் யாரும் போடலாம் என்பதுதான் பொதுவான நிலை. அங்கேயும் நாங்கள் கேட்பது ஒன்று உண்டு: “யார் பேருக்கு?” நம்பரைத் தட்டியதும் ஸ்கிரீனில் வரும் பெயரை நாங்களாகப் படித்தால் போடுகிறவர் தலையாட்டிவிடுவார். ஒரு இலக்கம் மாறிப் பணம் வேறு யாருக்கோ போய்விட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. மற்றபடி போடுகிறவர் யார் என்பதைவிடப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் அரசாங்கத்துக்கு அக்கறை. நான் கவுண்டரில் இருந்தவரை, ஒரே நாளில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் போட்டால் பான் நம்பர் வேண்டும். பான் இல்லாத விவசாயிகளுக்கு அதற்குப் பதிலாக ஃபாரம் 60 என்ற உறுதிமொழிப் படிவம். இந்த விதி வந்ததிலிருந்து எல்லா ஊரிலும் 49,000 ஒரு பிரபலமான தொகை ஆகிவிட்டது. காலையில் 49,000, மதியம் 49,000 என்று வருவார்கள். நாள் கணக்குத்தான் என்று சொன்னால் மறுநாள் வருவார்கள். சேமிப்புக் கணக்கில் வருஷத்துக்கு 10 லட்சம் ரொக்கம் சேர்ந்தால் அந்த விவரம் தானாகவே வருமான வரித் துறைக்குப் போய்விடும் என்று நான் யாரிடமும் சொல்லப் போனதில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

அடையாளம் பார்ப்பதே முழுநேர வேலையாக ஆனது 2016 நவம்பரில். 8ஆம் தேதி இரவு, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. 10ஆம் தேதி கதவைத் திறந்தபோது வரிசை தெருமுனை தாண்டியிருந்தது. பழைய நோட்டை மாற்ற ஒரு ஃபாரம், கூடவே ஐடி நகல். முதலில் 4,000, அப்புறம் 4,500, அப்புறம் 2,000, கடைசியில் 24ஆம் தேதியோடு கவுண்டரில் மாற்றுவதே நின்றது. வந்தவர்களே திரும்ப வருகிறார்கள் என்று நடுவில் விரலில் மை வைக்கச் சொன்னார்கள். இங்கே திருப்பரங்குன்றத்தில் 19ஆம் தேதி இடைத்தேர்தல். ஏற்கெனவே விரலில் மை இருந்தால் ஓட்டுப் போட விடுவார்களா என்று ஜனங்களுக்குக் கவலை. வங்கி மை வலது கையில், ஓட்டு மை இடது கையில் என்று விளக்கியே தொண்டை போனது. தேர்தல் ஆணையமும் மை வேண்டாமே என்று நிதி அமைச்சகத்துக்கு எழுதியது. அந்த நாட்களில் ஜெராக்ஸ் கடைக்காரரைத் தவிர வேறு யாரும் சிரித்த முகமாக இருந்து நான் பார்க்கவில்லை. அதே ஆதார் நகலை வைத்து வேறு யாரோ நோட்டு மாற்றியிருந்தாலும் எங்களால் கண்டுபிடித்திருக்க முடியாது. நகலில் முகம் வெறும் கறுப்புத் திட்டு.

இப்போது கிராமங்களில் ஆதார் ரேகை மெஷின். பாஸ்புக் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், விரலை வைத்தால் பணம். தெரிந்தவர் தெரியாதவர் என்ற பேச்சே இல்லை என்பதால் நல்லதுதான் என்று முதலில் நினைத்தேன். ஆனால் களையெடுத்து, சாணி அள்ளி, சிமெண்ட் குழைத்துத் தேய்ந்த விரல் அதில் படிவதில்லை. “ரேகை விழல, நாளைக்கு வா பாட்டி” என்பார் மெஷின் வைத்திருப்பவர். நூறு நாள் வேலைக் கூலியை எடுக்க வந்த பாட்டியை அந்த ஊரே யாரென்று சொல்லும், மெஷின் மட்டும் சொல்லாது. இன்னொரு பக்கம், ஆயிரம் எடுக்கச் சொன்னால் இரண்டாயிரம் எடுத்துவிட்டு ஆயிரத்தைக் கையில் கொடுக்கிற ஆட்களும் உண்டு. ரசீதை யார் படிக்கிறார்கள்? அதனால் மெஷின் வந்தால் தெரிந்த ஆளின் வேலை நின்றுவிடும் என்ற என் நம்பிக்கையும் அவ்வளவுதான்.

இன்னமும் சர்வீசில் இருக்கிற என் தோழி ஒருத்தி போன மாதம் ஒன்று சொன்னாள். ஓய்வுபெற்ற வாத்தியார், அந்தக் கிளையில் இருபது வருஷமாகக் கணக்கு வைத்திருப்பவர், எஃப்.டி.யை உடைத்து மொத்தத்தையும் வெளியூர்க் கணக்கு ஒன்றுக்கு ஆர்.டி.ஜி.எஸ். மூலம் அனுப்பவேண்டும் என்று வந்திருக்கிறார். ஆள் அவரேதான். கையெழுத்து பொருந்துகிறது, போட்டோ பொருந்துகிறது, பான் சரி. நாங்கள் கற்ற எல்லாச் சோதனையிலும் பாஸ். எதற்கு சார் என்று கேட்டதற்கு, “சொந்தக்காரருக்கு, நிலம் வாங்க” என்றாராம். எந்த ஊரில் நிலம் என்றதற்கு உடனே பதில் வரவில்லை. சட்டைப் பையில் போன் ஓடிக்கொண்டே இருந்தது, வெளிச்சம் தெரிந்தது. பெறுபவர் பெயரைச் சொல்லுங்கள் என்றால், கையில் இருந்த துண்டுச் சீட்டைப் பார்த்துத்தான் வாசித்தார். சொந்தக்காரர் பெயரைச் சீட்டைப் பார்த்தா சொல்வார்கள்?

டிஜிட்டல் அரெஸ்ட் என்று நாடு முழுக்க நடக்கிற மோசடிதான். போலீஸ் மாதிரி வீடியோ காலில் வந்து, யாரிடமும் சொல்லக்கூடாது, போனை வைக்கக்கூடாது என்று மிரட்டிப் பணத்தை மாற்றச் சொல்வார்கள். என் தோழி வாயைத் திறக்கவில்லை. ஒரு சலானின் பின்பக்கம், “போனில் போலீஸ் என்று யாராவது இருக்கிறார்களா?” என்று எழுதிக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். அவர் படித்துவிட்டு, வேலையைப் பார்க்கச் சொல்லிக் கத்தியிருக்கிறார். என் பணம், எதற்குக் கேள்வி என்ற அதே வாசகம். இவள் சிஸ்டம் ஹேங் ஆகிவிட்டது என்று பொய் சொல்லி உட்கார வைத்துவிட்டு, மேனேஜர் மூலமாக சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கும், கணக்கில் இருந்த நம்பரைப் பார்த்து அவர் மகளுக்கும் போன் போட வைத்தாள். மகள் வருவதற்குள் அவர் இரண்டு தடவை எழுந்து போகப் பார்த்திருக்கிறார். மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்து இழுத்துப் பிடித்திருக்கிறார். எஃப்.டி. தப்பித்தது. அந்த வாத்தியார் மறு வாரம் பாஸ்புக் பதிய வந்தபோது இவள் கவுண்டரை விட்டு அடுத்த கவுண்டர் வரிசையில் போய் நின்றுகொண்டாராம்.